புதுப்பிப்பு: எனக்கான ஏஏ கூட்டம் கிடைத்துவிட்டது

குடியை நிறுத்த ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் அமைப்பு) கூட்டம் தேடுகிறேன், முதலில் போன இடம் ஒட்டவில்லை என்று போன மாதம் எழுதியிருந்தேன், ஒன்றோடு விட்டுவிடாதீங்க, நாலைந்து பாருங்க என்று பலர் சொன்னீர்கள். பார்த்தேன்.

சென்னையிலேயே இன்னும் இரண்டு. ஒன்று நல்ல கூட்டம்தான், ஆனால் வேலை முடிந்து நான் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிடும். அடுத்தது வீட்டிலிருந்து பஸ்ஸில் 20 நிமிடம், ஒரு சர்ச்சுக்குப் பின்னால் உள்ள ஹால், எல்லாரும் தமிழில் பேசுகிறார்கள். (முதல் இடத்தில் முழுக்க ஆங்கிலம், நான் வாயே திறக்கவில்லை.) பெயரைச் சொல்லி, நான் ஒரு குடிநோயாளி என்றபோது குரல் நடுங்கியது. யாரும் அறிவுரை சொல்லவில்லை, அவரவர் கதையைத்தான் சொன்னார்கள், அப்புறம் ஒரு பெரியவர் டீயைக் கையில் கொடுத்து "நாளைக்கும் வாங்க தம்பி" என்றார். தினமும் போகிறேன்.

கட்டணம் கேட்டவருக்கு: கிடையாது, விருப்பப்பட்டால் உண்டியலில் போடலாம். மனைவியைத் திறந்த கூட்டத்துக்கு அழைத்துப் போகலாம், மூடிய கூட்டம் நமக்கு மட்டும். குடும்பத்தாருக்கு அல்-அனான் என்ற கூட்டம் தனியாக இருக்கிறது.

தினமும் குடிப்பவர்கள் தயவுசெய்து முதலில் டாக்டரைப் பாருங்கள், திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம்.

குடிக்காமல் இன்று எனக்கு 26-வது நாள்.