குழல் எலும்பைக் கல்லோடு எடுங்கள்

சிறிய இரைகொல்லி டைனோசர் எலும்பு கண்ணில் பட்டதும் அந்த இடத்திலேயே தோண்டத் தொடங்குவதால்தான் பாதி சேதம் வருகிறது. நியூ மெக்சிகோவின் கோஸ்ட் ராஞ்சில் 1947-இல் தொல்லுயிரியலாளர் எட்வின் கோல்பெர்ட் குழுவைச் சேர்ந்த ஜார்ஜ் விட்டேக்கர், சரிவில் உதிர்ந்து கிடந்த எலும்புத் துணுக்குகளைக் கண்டார். அவை எங்கிருந்து உருண்டு வந்தன என்று மேட்டை நோக்கித் தேடிப் போனதில்தான் சீலோஃபைசிஸ் என்ற சிறு இரைகொல்லி டைனோசரின் படுகை, அதாவது எலும்புகள் செறிந்த பாறை அடுக்கு, அகப்பட்டது. செந்நிற வண்டல் பாறைக்குள் எலும்புக்கூடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. ஒரே படுகையில் நூற்றுக்கணக்கில்!

இப்படித் தேட, வெயில் சாய்வாக விழும் காலையும் மாலையும்தான் நல்ல நேரம். துணுக்குகள் சரிவில் விசிறிபோல் பரவியிருக்கும். விசிறியின் காம்பு மேற்பக்கம். அதற்கும் மேலே ஏறினால் ஒரு துணுக்குகூடக் கிடைக்காது. அந்த எல்லையில்தான் படுகை இருக்கும். எனவே துணுக்குகளைப் பொறுக்குவதற்கு முன் ஒவ்வொன்றின் அருகிலும் சிறு கொடி நட்டுவிடுங்கள். முதலில் பொறுக்கிவிட்டால் விசிறியின் வடிவம் போய்விடும், மேலே எங்கே தேடுவது என்றே தெரியாது.

கல்லா எலும்பா என்ற சந்தேகத்துக்கு 10 மடங்கு லென்ஸ் போதும். உடைந்த முகத்தைப் பாருங்கள். மெல்லிய வெளிச்சுவர், நடுவே வண்டலோ படிகமோ அடைத்த துளை என்றால் அது குழல் எலும்பு. ஆனால் உள்ளீடற்ற எலும்பு பறக்கும் ஊர்வனவற்றுக்கும் உண்டு, முதலையின் பழைய உறவுகள் சிலவற்றுக்கும் உண்டு. குறிப்பேட்டில் உடனே இனப் பெயர் எழுதிவிட வேண்டாம்.

*

மேலே சொன்னதோடு பசை பற்றியும் சொல்ல வேண்டும். சீலோஃபைசிஸ் 3 மீட்டர் நீளம் இருந்தாலும் எடை 20 கிலோ அளவில்தான். எலும்பின் சுவர் அவ்வளவு மெல்லியது. தூரிகையின் அழுத்தத்துக்கே செதில் கழன்று வரும்.

களத்தில் பாராலாய்ட் பி-72 என்ற அக்ரிலிக் பிசின் மணிகளை அசிட்டோனில் கரைத்துப் பயன்படுத்துங்கள். 100 மில்லிக்கு 5 கிராம் என்றால் நீர்த்த கரைசல். மணிகளை நேரே கொட்டினால் அடியில் கட்டியாகிவிடும். சல்லாத் துணியில் முடிந்து பாட்டிலுக்குள் தொங்கவிட்டால் சீராகக் கரையும். எலும்பின் மேல் பூசாதீர்கள். கீறலின் ஓரத்தில் ஒரு துளி வையுங்கள். அந்தத் துளி நிற்காமல் கீறலோடு ஓடி உள்ளே மறையும். மறைந்ததும் அடுத்த துளி. துளி மேலேயே பளபளத்து நின்றால் எலும்பு போதுமான அளவு குடித்துவிட்டது என்று பொருள், அங்கே நிறுத்திவிடுங்கள்.

கெட்டியான கரைசலை முதலில் விட்டால் மேலே தோல்போல் படிந்துவிடும், உள்ளே எலும்பு பொடியாகவே இருக்கும். பிறகு அந்தத் தோல் எலும்பின் முகத்தோடு உரிந்து வரும். ஈர எலும்பில் விட்டால் வெள்ளையாகப் பூக்கும். உச்சி வெயிலில் உள்ளே இறங்கும் முன்பே அசிட்டோன் ஆவியாகிவிடும், நிழல் கட்டிக்கொண்டு செய்யுங்கள். அருகில் நெருப்பு கூடாது. சூப்பர் குளூவை முதல் மருந்தாகக் கையில் எடுப்பவர்களைப் பார்த்தால் உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. அது எலும்பையும் வண்டலையும் சேர்த்து ஒட்டிவிடும், எளிதில் கரைத்து எடுக்கவும் முடியாது.

*

பிளாஸ்டர் ஜாக்கெட், அதாவது எலும்பைச் சுற்றியுள்ள கல்லோடு சேர்த்து மூடும் பிளாஸ்டர் உறை பற்றி. எலும்பின் எல்லை தெரியும் அளவுக்கு மட்டும் திறந்தால் போதும். சுற்றிலும் பள்ளம் வெட்டி, அடியைக் குடைந்து காளான் வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். நனைத்த டிஷ்யூ காகிதம் மூன்று நான்கு அடுக்கு முதலில். இது இல்லாவிட்டால் பிளாஸ்டர் எலும்பையே பிடித்துக்கொள்ளும். பிளாஸ்டரைத் தண்ணீரில் தூவ வேண்டும், தண்ணீரைப் பிளாஸ்டரில் ஊற்றக் கூடாது. தூவிக்கொண்டே வரும்போது நீர்மட்டத்துக்கு மேல் தீவுகளாக நிற்கத் தொடங்கும். அப்போது நிறுத்திவிட்டு, குமிழி வராமல் மெதுவாகக் கலக்குங்கள். கழுவாத வாளியில் பழைய பிளாஸ்டர் ஒட்டியிருந்தால் புதியது பட்டென்று இறுகிவிடும்.

10 செ.மீ. அகலச் சாக்குப் பட்டைகளை முக்கி, விரலிடுக்கில் பிழிந்து, ஒன்றன்மேல் ஒன்று பாதி படியும்படி ஒட்டுங்கள். பட்டையின் நுனி காளான் தலையின் அடிவரை மடங்கிப் போக வேண்டும். நேராக நின்றுவிட்டால், புரட்டும்போது ஜாக்கெட் மட்டும் கையில் வரும், கல் கீழே சிதறும். எண், தேதி, வடக்கு அம்பு மூன்றையும் புரட்டுவதற்கு முன்பே மேலே எழுதிவிடுங்கள்.

எடையையும் முன்கூட்டியே கணக்கிடுங்கள். 1 மீட்டர் நீளம், 60 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரம் உள்ள கட்டி கையடக்கமாகத்தான் தெரியும். கன மீட்டருக்கு 2.4 டன் என்றால்கூட அது ஏறத்தாழ 580 கிலோ!

*

இவ்வளவு சிரமப்பட்டு ஏன் கல்லோடு எடுக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்குக் கோஸ்ட் ராஞ்ச் எலும்புக்கூடுகளே பதில். இரண்டின் வயிற்றுப் பகுதியில் இருந்த சிறு எலும்புகளை வைத்து, சீலோஃபைசிஸ் தன் குட்டிகளையே தின்றது என்று நீண்டகாலம் சொல்லிவந்தார்கள். 2006-இல் ஸ்டெர்லிங் நெஸ்பிட்டும் உடன் ஆய்வாளர்களும் மறுபடி பார்த்தார்கள். ஒன்றில் இருந்தது முதலைக்கு உறவான சிறு விலங்கின் எலும்பு. தொடையெலும்பின் வடிவமும் எலும்புத் திசுவும் காட்டிக்கொடுத்தன. மற்றொன்றில் இருந்த குட்டியோ வயிற்றுக்குள்ளேயே இல்லை, பெரிய விலங்கின் விலா எலும்புகளுக்கு அடியில் கிடந்திருக்கிறது. களத்திலேயே எலும்புகளை ஊசியால் தனித்தனியாகப் பிரித்து எடுத்திருந்தால், குட்டி கிடந்தது விலாவுக்கு மேலா, உள்ளேயா, அடியிலா என்பதைப் பிறகு யாராலும் சரிபார்த்திருக்க முடியாது.

எலும்புக்கூடு கிடைக்காத இடங்களில் பல் கிடைக்கும். அரியலூர் பக்கம் கல்லமேட்டுப் பாறைப் படிவத்திலிருந்து, பறவையை ஒத்த டிரூடான்டிட் வகைச் சிறு டைனோசர் இந்தியாவில் இருந்ததாக 2013-இல் அறிவிக்கப்பட்டது. சான்று ஒரே ஒரு பல். அப்படிப்பட்டதைக் கண்ணால் தேடி எடுப்பது கடினம். களிமண்ணை முழுவதும் உலர்த்தி, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, எண்ணெயை வடித்துவிட்டு வெந்நீர் ஊற்றினால் கட்டி தானே பிரியும். சற்றே ஈரம் மிச்சமிருந்தாலும் மண்ணெண்ணெய் உள்ளே போகாது, கட்டி அப்படியே நிற்கும். பிறகு 0.5 மி.மீ. சல்லடை, அதன்பின் நுண்ணோக்கி. பல்லின் விளிம்பில் உள்ள ரம்பப் பற்களை 5 மி.மீ. நீளத்துக்கு எத்தனை என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். வேர் கரைந்து குழிந்திருந்தால் அது உயிரோடு இருந்தபோது உதிர்ந்த பல். வேர் முழுதாக இருந்தால் தாடை அருகிலேயே இருக்கக்கூடும், பல் கிடைத்த இடத்தின் மண் ஒரு பிடியைக்கூட வீசாமல் வைத்திருங்கள்.