கார் கிளம்புனதும் 'டக்... கிர்ர்'னு சத்தம், ஏபிஎஸ்ஸா?

ஈசூன்வாசி:
அண்ணன்மாரே, செகண்ட் ஹேண்ட்ல ஒரு ஃபோர் வீல் டிரைவ் வாங்குனேன், காலைல கார்பார்க்ல இருந்து எடுத்து கொஞ்சம் வேகம் பிடிச்சதும் கீழ டக்னு ஒரு சத்தம், கூடவே கிர்ர்னு ஒரு நொடி, அப்புறம் நாள் முழுக்க ஒன்னும் இல்ல. இன்னொன்னு, ஜொகூர் பக்கம் செம்பனைத் தோட்டத்துச் சேத்துல ஏத்துனப்ப கரகரன்னு அரைக்குது, பிரேக்ல கால வைக்கவே இல்ல. கியர்பாக்ஸ் போச்சா?

பழைய டிரைவர்:
கியர்பாக்ஸ்லாம் இல்ல தம்பி. மொதல் சத்தம் ஏபிஎஸ், அதான் பிரேக் புடிக்கிறப்ப சக்கரம் லாக் ஆகாம பாத்துக்குற சிஸ்டம், தன்னைத்தானே செக் பண்றது, வண்டி உருள ஆரம்பிச்சதும் பம்ப் மோட்டாரையும் வால்வையும் ஒருதரம் ஓட்டிப் பாக்கும், நிறைய வண்டில அப்படித்தான். சேத்துல வந்தது டிராக்‌ஷன் கண்ட்ரோல். எந்தச் சக்கரம் சும்மா சுத்துதோ அத மட்டும் பம்ப் பிரஷர் குடுத்துப் புடிக்கும், அப்பத்தான் பிடிமானம் இருக்குற சக்கரத்துக்கு இழுவை போகும். எறக்கத்துல வண்டியே பிரேக் புடிச்சு மெதுவா எறக்குற ஹில் டிசென்ட் போட்டு எறங்குனாலும் அதே கரகரதான், பயப்படாத லா.

வுட்லண்ட்ஸ் மாமா:
ஆனா காஞ்ச ரோட்ல மெதுவா நிக்கப் போறப்ப பெடல் கால்ல உதறுனா அது வேற கதை. வீல் ஸ்பீட் சென்சார்ல சேறோ இரும்புத் தூளோ ஒட்டியிருக்கும், சக்கரம் லாக் ஆயிடுச்சுன்னு தப்பா நெனச்சு ஏபிஎஸ் வேலை செய்யும். ஒர்க்‌ஷாப்ல மொதல்ல மெஷின மாட்டி வண்டில பதிவாகியிருக்குற ஃபால்ட் கோட் படிக்கச் சொல்லுங்க, எடுத்த எடுப்புல பம்ப்ப மாத்தணும்னா தலையாட்டாதீங்க.

ஈசூன்வாசி:
உதறல் இல்ல மாமா, ஏபிஎஸ் லைட்டும் எரியல. பின் டயர் ரெண்டு மட்டும் வேற சைஸ், அது பரவால்லயா?

பழைய டிரைவர்:
ஐயோ, மொதல்ல அத மாத்து!