1967 ஜீப்புக்கு டீசல் எஞ்சின் ஏற்றலாமா?

கோத்தகிரிக்காரன்
வணக்கம். வீட்டில் 1967 மஹிந்திரா சி.ஜே. 3பி ஜீப் ஒன்று நிற்கிறது. தாத்தா எஸ்டேட் வேலைக்கு வைத்திருந்தது. பெட்ரோல், ஹரிகேன் எஞ்சின். இரண்டு மாதமாக ரேடியேட்டரில் தண்ணீர் குறைகிறது, ஒரு சிலிண்டர் மிஸ் ஆகிறது. ஹெட்டைக் கழற்றினால், மூன்றாவது சிலிண்டரில் எக்ஸாஸ்ட் வால்வ் சீட்டிலிருந்து போர் (பிஸ்டன் ஓடும் துளை) வரை மயிரிழை விரிசல். பட்டறைக்காரர், "பிளாக்கைக் காயலான் கடைக்குப் போடுங்க, பெஜோ டீசல் ஏத்தித் தரேன்" என்கிறார். எல்லாம் சேர்த்து 1,40,000 கேட்கிறார். வாரம் ஒருமுறை சந்தை, மழைக்காலத்தில் தோட்டத்துக்குள், அவ்வளவுதான் வண்டிக்கு வேலை. என்ன செய்யலாம்?

வால்பாறை மணி
தம்பி, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? 1994இல் என் 3பியில் பெஜோ எக்ஸ்.டி.பி. 4.90 ஏற்றினேன். மஹிந்திராவின் எம்.எம். 540 ஜீப்பில் வந்த அதே எஞ்சின், 2112 சிசி. (4.90 என்றால் ஏதோ கொள்ளளவு என்று நினைக்காதே. நாலு சிலிண்டர், 90 மில்லிமீட்டர் போர்.) ஆழியாறிலிருந்து மேலே 40 கொண்டை ஊசி. பெட்ரோலில் லிட்டருக்கு 7 கிடைத்த நாளில் சாமிக்குத் தேங்காய் உடைத்திருக்கிறேன். டீசலில் 12க்குக் குறைந்ததே இல்லை. அப்புறம் இன்னொன்று. இப்போது பங்க்கில் ஊற்றுகிற பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். உன் பெட்ரோல் பம்ப்பின் பழைய டயாஃப்ரமும் கார்புரேட்டர் ரப்பரும் அதில் ஊறிப்போகும்.

ஹைபானட்
மணி அண்ணன் சொல்லும் மைலேஜ் உண்மைதான். மற்றதில் எனக்கு உடன்பாடில்லை.

3பிக்கு மட்டும் பானட் ஏன் அவ்வளவு உயரம்? அதற்கு முந்தைய ஜீப் எஞ்சினில் இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டு வால்வுகளும் பிளாக்கிலேயே இருந்தன. ஹரிகேனில் இன்டேக் வால்வை ஹெட்டுக்கு ஏற்றினார்கள். எஞ்சின் உயர்ந்துவிட்டது, பழைய பானட்டுக்குள் அடங்கவில்லை. 1953இல் ஜீப்பை முதலில் செய்த அமெரிக்க வில்லிஸ் கம்பெனிக்காரர்கள் பானட்டைத் தூக்கிக் கட்டினார்கள். இந்த வண்டியின் முகமே அந்த எஞ்சினால் வந்தது. அதைப் பிடுங்கிவிட்டு வேறொன்றை வைத்தால் மிஞ்சுவது தகரக் கூடு.

சரி, அது என் ஆசை என்றே வையுங்கள். ஆர்.சி.யில் எரிபொருள் பெட்ரோல் என்றுதானே இருக்கிறது? மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்டதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் ஒரு கேரள வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. நாளை ஒரு விபத்து என்றால் இன்சூரன்ஸ்காரர் எஞ்சின் நம்பரைத்தான் முதலில் பார்ப்பார்.

இன்னொன்று, உங்கள் வண்டி 50 வருடம் தாண்டிவிட்டது. 2021 விதிப்படி விண்டேஜ் பதிவுக்குத் தகுதி உண்டு, நம்பரில் 'விஏ' என்று வரும். சேஸிஸ், பாடி, எஞ்சின் மாற்றாமல் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. டீசல் ஏற்றினால் அதுவும் போச்சு.

வால்பாறை மணி
விஏ நம்பரின் மறுபக்கத்தையும் சொல்லு. கட்டணம் 20,000. பத்து வருடம் செல்லும். ஆனால் கண்காட்சி, ராலி, ரிப்பேர், பெட்ரோல் போட, இதற்குத்தான் ரோட்டில் இறக்கலாம். அந்த நம்பரை மாட்டிக்கொண்டு தம்பி எப்படிச் சந்தைக்குப் போய் முட்டைக்கோஸ் ஏற்றுவான்? சேற்றில் உழைக்கிற வண்டியைத் துணி போட்டு மூடி வைக்கச் சொல்கிறாய்.

என் வண்டியில் எந்தத் திருட்டுத்தனமும் இல்லை. பிரேக் இன்ஸ்பெக்டர் நேரில் பார்த்து ஆர்.சி.யில் டீசல் என்று ஏற்றிக் கொடுத்தார்.

ஹைபானட்
விஏ விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, ஓடுகிற வண்டிக்கு அது ஒத்துவராது. ஆனால் அண்ணே, நீங்கள் ஏற்றியது 2000ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு முன்னால். அப்போது அனுமதி வாங்கி மாற்ற வழி இருந்தது. அந்தக் கதவு சாத்தி 25 வருடம் ஆகிறது. உங்கள் கதையை நம்பி இவர் 1,40,000 செலவழித்தால், எஃப்.சி. புதுப்பிக்கப் போகிற அன்று ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் நிற்பது இவர்தான்.

லேத்துக்காரன்
கோவையில் லேத் வைத்திருக்கிறேன், அடாப்டர் பிளேட் (வேறு எஞ்சினைப் பழைய கியர்பாக்ஸோடு இணைக்கிற தட்டு) நிறையக் கடைந்திருக்கிறேன். சட்டம் எனக்குத் தெரியாது, இரும்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஹரிகேனின் கம்ப்ரெஷன் ஏறக்குறைய ஏழுக்கு ஒன்று. டீசலில் இருபதுக்கு மேல். அந்த அடி ஒவ்வொன்றும் பின்னால் இருக்கிற பழைய டி-90 மூன்று கியர் பாக்ஸில்தான் போய் விழும். பிளேட்டில் சென்டர் அரை மில்லி தப்பினாலும் இன்புட் ஷாஃப்ட் பேரிங் கத்த ஆரம்பிக்கும். பெல் ஹவுசிங்கில் (எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் இருக்கிற கூடு) டயல் கேஜ் வைத்துப் பார்க்காமல் போல்ட் முறுக்குகிறவனிடம் வண்டியை விடாதீர்கள். வண்டியில் இன்னும் 6 வோல்ட் இருந்தால் டைனமோ, ஸ்டார்ட்டர், வயரிங் எல்லாம் மாறும், டீசலைக் குளிரில் ஸ்டார்ட் செய்கிற ஹீட்டர் பிளக்குக்கு 12 வோல்ட் வேண்டும். பிரேக் அதே 9 இன்ச் டிரம். 1,40,000இல் இதெல்லாம் அடங்குமா என்று அவரிடம் கேளுங்கள்.

மணி அண்ணே, கோபப்படாமல் சொல்லுங்கள். இதுவரை எத்தனை கியர்பாக்ஸ்?

வால்பாறை மணி
மூன்று. கேட்டதால் சொல்கிறேன்.

ஆனாலும் வண்டி ஓடுகிறது. உங்கள் ஹரிகேன் வண்டிகளில் பாதி ஷெட்டில் நிற்கிறது, அதில் கோழி அடை காக்கிறது.

லேத்துக்காரன்
தம்பி, சீட்டுக்கும் போருக்கும் நடுவில் வெடிப்பது இந்த எஞ்சினுக்குப் பழைய வியாதி. வெல்டிங் மட்டும் வைக்கவிடாதே. வார்ப்பிரும்பு அது, ஒட்டிய இடத்துக்குப் பக்கத்தில் புதிதாக வெடிக்கும். விரிசல் நெடுக ஓட்டை போட்டு, மரை வெட்டி, திருகு பின்களை ஒன்றன்மேல் ஒன்று ஏறுகிற மாதிரி வைத்துத் தைக்க வேண்டும். அப்புறம் கடைந்து புது சீட் இறக்கலாம், போருக்கு ஸ்லீவ் போடலாம். பிளாக் அதேதான், நம்பரும் அதேதான், ஆர்.சி.யில் கை வைக்க வேண்டாம். பிரஷர் டெஸ்ட்டில் வேறு இடத்தில் குமிழி வந்தால் தையலுக்கான காசை வாங்க மாட்டேன், வேறு பிளாக் தேடிக்கொள்.

கோத்தகிரிக்காரன்
நேற்று பட்டறையில் ஆர்.சி. பற்றிக் கேட்டேன். "அதையெல்லாம் யாரு சார் பாக்கறா" என்றார். ஹைபானட் எழுதியதைப் படித்த பிறகு அந்தப் பதில் வயிற்றைக் கலக்குகிறது. அட்வான்ஸ் கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பிளாக்கைக் கோவைக்கு இறக்குகிறேன்.

ஹைபானட்
மெயின் பேரிங் கேப்புகளைக் கழற்றும்போது எது எந்த இடத்தில் இருந்தது என்று குறி வைத்துக்கொள்ளுங்கள். இடம் மாறினால் கிராங்க் இறுகிவிடும்.

வால்பாறை மணி
தையல் மழைக்கு முன்னால் முடியாது, பார்த்துக்கொண்டே இரு. முடிந்துவிட்டால் பெட்ரோல் பம்ப் ரிப்பேர் கிட் இரண்டு வாங்கி டேஷ்போர்டில் போட்டு வை. எத்தனால் விஷயத்துக்கு இங்கே யாரும் பதில் சொல்லவில்லை.