பணித்துப்பாக்கிக்கு .357 சிக்: கையில் பிடித்துப் பழகியவர்கள் சொல்லுங்கள்

சுடுதளத்தார், வர்ஜீனியா

மாநிலக் காவல்துறை .357 சிக் என்ற வேகமான கைத்துப்பாக்கித் தோட்டாவை வைத்திருக்கிறது, நெடுஞ்சாலையில் அவர்களோடு சேர்ந்து நிற்பவர்கள் நாம், ஆபத்து வேளையில் ஒருவர் மேகசினை (தோட்டா நிரப்பிய கூட்டை) மற்றவர் வாங்கிப் போட முடிய வேண்டும் என்ற ஒரே வாதத்தில் எங்கள் கவுண்டிக் காவலர்களுக்கும் சிக் நிறுவனத்தின் பி229 கைத்துப்பாக்கி வந்து இறங்கியது. அந்தத் தோட்டாவின் வரலாறு இங்குள்ளவர்களுக்குத் தெரியும் என்பதால் அதை விட்டுவிடுகிறேன். எனக்கு இன்னும் உறுத்திக்கொண்டிருப்பது ஒரு பெண் காவலரின் முதல் பயிற்சி நாள்.

பயிற்சிக் கல்லூரியில் 9 எம்.எம். துப்பாக்கியால் வகுப்பின் முன்வரிசையில் தேறியவர் அவர். எங்கள் உள்ளரங்கச் சுடுதளத்தில் அவருடைய முதல் குண்டு வெடித்ததும், பக்கத்துத் தடத்தில் நின்றவர் தம் துப்பாக்கியைத் தாழ்த்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். காதடைப்பானுக்கு மேல் காதுறையும் மாட்டியிருந்தாலும் இந்தத் தோட்டாவின் ஓசையை மார்புக்கூடு வாங்கிக்கொள்ளும். விளக்கைக் குறைத்துவிட்டால் குழல் வாயில் எழும் தீச்சுவாலை இலக்கையே மறைத்துவிடும். ஏழு கெஜத் தொலைவில் அவருடைய குண்டுகள் எல்லாம் தாளின் இடப்பக்கக் கீழ் மூலையில் போய்க் குவிந்தன. அவர் அறியாமல் மேகசினின் நடுவே ஒரு போலித் தோட்டாவைச் செருகிக் கொடுத்தேன். அதன் முறை வந்தபோது விசை அழுந்தியது, வெடி எழவில்லை, ஆனால் குழல் வாய் மட்டும், அதிர்வை எதிர்பார்த்து, இரண்டு விரற்கடை கீழே குனிந்தது. இறுக மூடியிருந்த கண்களை அவர் திறந்தபோது முன்குறி இலக்குத் தாளிலேயே இல்லை. துப்பாக்கியை மேசைமேல் வைத்துவிட்டு, "கல்லூரியில் நான் இப்படிச் சுடவில்லை, சார்" என்றார். உண்மைதான், அவருடைய மதிப்பெண் தாள் என் கோப்பில் இருந்தது.

கூடுதல் பயிற்சிக்குப் பிறகு அவர் தேறினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் நன்றாகச் சுடத் தெரிந்த ஒருவரை முதலில் மோசமாகச் சுடவைத்து, பிறகு பழைய நிலைக்கு மீட்டுக் கொண்டுவருவதற்காக நாங்கள் எத்தனை பெட்டித் தோட்டா செலவழித்தோம் என்று கொள்முதல் தீர்மானித்தவர்கள் யாரும் கேட்கவில்லை. மற்றவர்களுக்கும் இப்படி நேர்ந்ததுண்டா?

இரண்டு பெட்டி

எங்கள் துறையில் ரோந்துக்கு .40 தோட்டா, நெடுஞ்சாலைப் பிரிவுக்கு .357 சிக். இரண்டும் ஒரே மேகசினில் போகும் என்பதைப் பெரிய வசதியாகப் பேசினார்கள். தகுதித் தேர்வு நாளில், பிரிவு மாறி வந்த ஒருவர் பழைய பழக்கத்தில் வேறு பெட்டியிலிருந்து நிரப்பிக்கொண்டு வரிசையில் நின்றார். ஊதல் ஒலித்தது, துப்பாக்கியின் மேலே நகரும் பகுதியான ஸ்லைடை இழுத்து விட்டார், முழுதும் முன்னே வந்து மூடக் கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு இருக்கும்போதே அது நின்றுவிட்டது. உள்ளங்கையால் பின்னாலிருந்து தட்டினார், பிறகு ஓங்கி அடித்தார். .357 சிக் தோட்டாவின் ஒடுங்கிய ஒன்பது மில்லிமீட்டர் கழுத்துக்காகக் குழலில் கடைந்த அறைக்குள் .40-இன் பத்து மில்லிமீட்டர் குண்டு எப்படி நுழையும்? அடிக்க அடிக்க அது இன்னும் இறுகியதுதான் மிச்சம். துப்பாக்கியை ஆயுதக் காப்பறைக்கு எடுத்துப் போய்த்தான் தோட்டாவை வெளியே எடுத்தார்கள். அது சுடுதளம் என்பதால் சிரித்துவிட்டுப் போனோம். அதே மேகசினோடு அவர் அன்றிரவு பணிக்குப் போயிருந்தால் என்ற நினைப்பு எனக்கு மட்டும் போகவில்லை.

கொள்முதல் பிரிவு

நான் சுடுபவன் அல்லன், ஒரு சிறு நகர நிர்வாகத்தில் ஒப்பந்தக் கோப்புகளைப் பார்ப்பவன். 2020-இல் பெருந்தொற்றும் தோட்டாத் தட்டுப்பாடும் ஒன்றாக வந்தபோது, எங்கள் ஆண்டு ஒதுக்கீடு எப்போது வரும் என்று விற்பனையாளரிடம் தொலைபேசியில் கேட்டேன். அவர் தேதி சொல்லவில்லை. தொழிற்சாலை இரவும் பகலும் 9 எம்.எம். ஓட்டுகிறது, உங்கள் அளவுக்கு எந்திரத்தை மாற்றிப் பூட்டும் நாள் வந்தால் சொல்லி அனுப்புவார்கள் என்றார். அன்று மாலை ஆயுதக் காப்பறையில் பயிற்சியாளரும் நானும் அட்டைப் பெட்டிகளைத் தரையில் பரப்பி எண்ணினோம். பணித் தோட்டாவைத் தொடக்கூடாது என்று அவர் அவற்றை ஒரு பக்கமாக நகர்த்தினார். மீதமிருந்த பயிற்சித் தோட்டாவைத் தலைக்கு இவ்வளவு என்று வகுத்தபோது வந்த எண்ணைப் பார்த்து, "இதை வைத்துக்கொண்டு நான் எதைக் கற்றுக்கொடுப்பது?" என்று கேட்டார். என் அனுபவம் இவ்வளவே.

யாரும் கேட்கவில்லை என்றாலும், தேர்வுக் குழுவில் உட்காரப் போகிறவர்களுக்குச் சிலவற்றைச் சொல்லிவைக்கிறேன். முதலாவதாக, துப்பாக்கியின் விலையை வைத்துத் தீர்மானிக்காதீர்கள்; துப்பாக்கி ஒருமுறைச் செலவு, தோட்டா அது பணியில் இருக்கும் காலம் முழுவதும் தொடரும் செலவு, .357 சிக் பயிற்சித் தோட்டாவோ பெரும்பாலான நேரங்களில் 9 எம்.எம். விலையைப் போல் ஏறத்தாழ இரட்டிப்பாக நிற்கிறது. ஆகவே ஒரு காவலர் ஓர் ஆண்டில் சுட வேண்டிய தோட்டாவின் எண்ணிக்கையை முதலில் எழுதிக்கொண்டு, அதைத் துப்பாக்கியின் பணிக்காலத்தோடு பெருக்கிய பிறகே விலைப்புள்ளிகளைத் திறக்க வேண்டும். அடுத்ததாக, உங்களுக்கு வேண்டிய பணித் தோட்டாவை எத்தனை நிறுவனங்கள் தயாரிக்கின்றன என்று பாருங்கள். ஒருவரை மட்டும் நம்பி நிற்க வேண்டியிருந்தால், ஒப்பந்தத்தில் நீங்கள் எழுதும் தாமத அபராதம் வெறும் காகிதம். பக்கத்து மாவட்டங்களிடம் அதே தோட்டா இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் தட்டுப்பாட்டுக் காலத்தில் கடன் கொடுக்கக்கூடியவர்கள் அவர்கள்தாம். இரண்டும் ஒரே மேகசினில் போவதால் .40 குழலை மாற்றிப் பூட்டிப் பயிற்சி செய்துகொள்ளலாம் என்று யாராவது உங்களிடம் சொல்வார்கள். அது எந்திர அளவில் உண்மையானாலும், ஒரே கட்டடத்தில் ஒரே மேகசினுக்குள் போகும் இரண்டு வகைத் தோட்டாவை வைப்பது எதில் முடியும் என்பதை மேலே தகுதித் தேர்வு நாளைப் பற்றி எழுதியவர் சொல்லிவிட்டார். 9 எம்.எம். மாற்றுக் குழல் என்றால் மேகசினையும் தனியாக வாங்க வேண்டும், அந்தச் செலவும் முதல் மதிப்பீட்டில் இருக்காது. கடைசியாக, அமெரிக்க அதிபரைக் காக்கும் சீக்ரெட் சர்வீஸே வைத்திருக்கிறது என்ற வாதத்துக்கு மயங்காதீர்கள். அவர்கள் 1999 முதல் இருபது ஆண்டுகள் வைத்திருந்தது மெய்தான், ஆனால் இப்போது அவர்களும் 9 எம்.எம். கிளாக்குக்குப் போய்விட்டார்கள், அவர்களுக்குக் கிடைக்கும் தோட்டா வழங்கலும் பயிற்சி நேரமும் நம் நகராட்சிக்கு என்றைக்கும் கிடைக்கப் போவதில்லை.

லோன் ஸ்டார்

இங்கே எழுதுகிறவர்கள் அனைவரும் இந்தத் தோட்டாவைத் தண்டச் செலவு என்று தீர்த்துவிட்டதாகத் தோன்றுவதால் மறுபக்கத்தைச் சொல்கிறேன். டெக்சஸ் மாநிலக் காவல்துறை 1990-களின் நடுவில் .45-ஐ விட்டுவிட்டு இதற்கு மாறியது விளம்பரத்தைப் பார்த்து அல்ல. அந்தக் காலத்துப் பெரியவர்கள் .357 மேக்னம் ரிவால்வரோடு வளர்ந்தவர்கள். 125 கிரெய்ன் (ஏறத்தாழ எட்டு கிராம்) குண்டு நான்கங்குலக் குழலிலிருந்து என்ன செய்யும் என்று அறிந்தவர்கள். அதையே தானியங்கித் துப்பாக்கியில் கொடுக்க வேண்டும் என்பதற்காகத்தான் 1994-இல் சிக் நிறுவனமும் ஃபெடரல் தோட்டா நிறுவனமும் இதை வடிவமைத்தன. அதே 125 கிரெய்ன், நொடிக்கு ஏறத்தாழ 1350 அடி வேகம். மேலும், அகன்ற அறைக்குள் ஒடுங்கிய முனை நுழைவதால் இது மேகசினிலிருந்து அறைக்குள் ஏறும்போது சிக்குவது அரிது. நான் சுட்ட காலத்தில் ஒருமுறையும் சிக்கியதில்லை.

நான் ரிசர்வ் காவலனாக இருந்தபோது, பயிற்சிக்காக ஒதுக்கப்பட்ட ஒரு பழைய காரைச் சுட்டுப் பார்த்தோம். பழைய 9 எம்.எம். இருப்பிலிருந்து 115 கிரெய்ன் தோட்டா, அடுத்து எங்கள் .357 சிக். இருக்கையில் ஓட்டுநருக்குப் பதிலாகத் தண்ணீர்க் குடங்கள். 9 எம்.எம். குண்டு கண்ணாடியைத் தாண்டியபோதே உடைந்துபோய் முதல் குடத்தின் அடியில் செதில்களாகக் கிடந்தது. அடுத்த குண்டு குடத்தைப் பிளந்து, இருக்கையின் பஞ்சைக் கிழித்துக்கொண்டு, பின்னிருக்கையின் தகட்டில் வந்து நின்றது. அதை நான் திருகுளியால் நெம்பி எடுத்தபோது முனை காளானாக விரிந்து முழுதாக இருந்தது. நெடுஞ்சாலையில் நள்ளிரவில் தனியாக ஒரு காரை நிறுத்துகிறவனுக்குக் கண்ணாடிதான் முதல் தடை. முதலில் எழுதிய நண்பர் ஒரு பயிற்சியாளர். குனிகிற குழலை நிமிர்த்துவது அவர் தொழில்தானே? பயிற்சியில் தீர்க்கக்கூடிய குறைக்காகத் தோட்டாவையே மாற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை. கொள்முதல் நண்பருக்கும் ஒன்று: மலிவாகக் கிடைப்பதே தகுதி என்றால் மிகச் சிறிய .22 தோட்டாவை வாங்கிக் கொடுத்துவிடலாம்.

இரவுப் பணி வீடு

என் கணவர் துணை ஷெரிஃப். சிறு பிள்ளைகள் இருக்கும் வீடு என்பதால் பணி முடிந்து வந்ததும் துப்பாக்கியின் அறையிலிருக்கும் தோட்டாவை வெளியே எடுத்து, பெட்டியில் பூட்டிவைத்து, மறுநாள் புறப்படும்போது அதே தோட்டாவை மறுபடி ஏற்றிக்கொள்வது அவர் வழக்கம். ஒரு நாள் அவர் துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது உணவு மேசைமேல் தோட்டாக்கள் வரிசையாக நின்றிருந்தன. காப்பிக் கோப்பையை வைப்பதற்காக அவற்றை ஓரமாகத் தள்ளியபோது ஒன்று மட்டும் குட்டையாக இருப்பது என் கண்ணில் பட்டது. வித்தியாசம் மிகச் சிறியது, ஆனால் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் மறைக்க முடியாது. குண்டு கழுத்துக்குள் உள்வாங்கியிருந்தது. அவர் வெர்னியர் காலிப்பர் எடுத்து அளந்தார். புதுத் தோட்டாவை அளந்தார். பழையதை இன்னொரு முறை அளந்தார். ஒன்றும் பேசவில்லை.

இந்தத் தோட்டாவுக்குக் கழுத்து மிகவும் குட்டை, குண்டைப் பிடித்துக்கொள்ள இடம் குறைவு என்று அவருடைய ஆயுதப் பராமரிப்பாளர் பிற்பாடு விளக்கினாராம். ஒரே தோட்டாவைத் திரும்பத் திரும்ப ஏற்றினால் ஒவ்வொரு முறையும் அறைக்கு முன்னுள்ள சரிவில் மோதி குண்டு உள்ளே நகரும், நகர்ந்தால் மருந்துக்கு இடம் சுருங்கி அழுத்தம் ஏறும். ஏற்கனவே சதுர அங்குலத்துக்கு 40,000 பவுண்டு வரை அனுமதிக்கப்பட்ட தோட்டா இது, 9 எம்.எம்.முக்கும் .40-க்கும் அந்த வரம்பு 35,000. எந்தத் தோட்டாவிலும் இது நேரலாம் என்கிறார்கள், இருக்கட்டும். பணித் தோட்டா குறைவாகவே கிடைக்கிறது, புதிதாகக் கேட்டால் முகம் சுளிக்கிறார்கள் என்பதால்தான் அவர் அதே தோட்டாவைத் தொடர்ந்து ஏற்றிக்கொண்டிருந்தார். கொள்முதல் பிரிவு நண்பர் எழுதியதைப் படித்தபோது, அந்தக் காப்பறையில் எண்ணப்பட்ட பெட்டியும் எங்கள் மேசைமேல் இருந்த தோட்டாவும் ஒரே கணக்கில் வருபவை என்று எனக்குத் தோன்றியது.

மாற்றுக் குழல்

துறைகள் 9 எம்.எம்.முக்கு மாறியபோது விற்றுத் தள்ளிய பி229 ஒன்றை மலிவாக வாங்கியவன் நான். ஸ்லைடின் மேற்பூச்சு உறையில் உரசி வெளுத்திருந்தது, குழலின் உட்புறமோ புதிதுபோல் இருந்தது. பல ஆண்டுகள் ஒருவர் இடுப்பில் தொங்கிய துப்பாக்கி, ஆண்டுக்கு ஒரு தகுதித் தேர்வுக்கு மேல் அதிகம் சுடப்படவில்லை என்பது அந்தக் குழலைப் பார்த்தாலே விளங்கியது. லோன் ஸ்டார் நண்பர் பயிற்சியில் தீர்க்கலாம் என்கிறார். அந்தப் பயிற்சி எங்கே நடந்தது என்று இந்தக் குழலைக் கேட்க வேண்டும்.

அவருடைய கார்ச் சோதனையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பழைய இருப்பிலிருந்த 115 கிரெய்ன் தோட்டாவையும், குண்டின் செம்பு உறையோடு உள் ஈயம் பிணைக்கப்பட்ட புதிய பணித் தோட்டாவையும் அருகருகே வைத்துவிட்டு, வேற்றுமை முழுவதையும் வேகத்தின் கணக்கில் எழுதிவிட்டார். கண்ணாடியைத் தாண்டும்போது குண்டு உரிந்துபோகாமல் காப்பது பெரும்பாலும் அந்தப் பிணைப்புத்தான். 1986-இல் மயாமியில் எஃப்.பி.ஐ. முகவர்கள் இருவர் இறந்த மோதலில் ஒரு 9 எம்.எம். குண்டு இதயத்துக்கு முன்பே நின்றுவிட்டது என்பதிலிருந்துதான் வலுவான தோட்டாவைத் தேடும் இந்த ஓட்டமே தொடங்கியது. அங்கிருந்து 10 எம்.எம்., பிறகு .40 என்று போன அதே எஃப்.பி.ஐ. 2014-இல், குண்டு செய்யும் முறை இப்போது முன்னேறிவிட்டது, தசைக்குப் பதிலாக வைக்கும் ஜெலட்டினில் குண்டு 12 முதல் 18 அங்குலம் ஊடுருவ வேண்டும் என்ற தன் அளவுகோலை 9 எம்.எம்.மே நிறைவுசெய்கிறது, அதில் காவலர்கள் விரைவாகவும் துல்லியமாகவும் சுடுகிறார்கள் என்று எழுதிவிட்டுத் திரும்பி வந்தது. வர்ஜீனியா நண்பர் ஒரே நாளில் தம் சுடுதளத்தில் கண்டதும் அதுவேதான்.

லோன் ஸ்டார் நண்பரிடம் ஒரு கேள்வி உண்டு. நீங்கள் சுட்டது முன்கண்ணாடியையா, பக்கக் கண்ணாடியையா? முன்கண்ணாடி இரண்டு தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டப்பட்டது, சாய்வாகவும் நிற்பது, குண்டின் போக்கையே திருப்பக்கூடியது. பக்கக் கண்ணாடி பெரும்பாலும் பதப்படுத்திய ஒற்றைத் தகடு, பட்டவுடன் பொடியாக உதிர்ந்துவிடும். முதல் தோட்டா முன்கண்ணாடியிலும் அடுத்தது ஏற்கனவே விரிசல் விட்ட இடத்திலும் பட்டிருந்தால் உங்கள் குடங்கள் காட்டியது வேறு கதை. எந்தக் கண்ணாடி, எந்தக் கோணம், இரண்டு குண்டும் ஒரே இடத்திலா என்று எழுதினால், என்னிடம் உள்ள 9 எம்.எம். மாற்றுக் குழலை வைத்து இரண்டு தோட்டாவையும் ஒரே பிணைப்புக் குண்டில் சுட்டுப் பார்த்துவிட்டு இங்கே எழுதுகிறேன்.