60 மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு நின்ற கதை (டிபிடி விண்ணப்ப அனுபவங்கள்)

கோவையில் பி.பி.டி. (பிசியோதெரபி இளநிலைப் பட்டம்) முடித்து மூன்று வருடம் ஆர்த்தோ வார்டில் வேலை பார்த்தவள் நான். கல்யாணமாகி, கணவரின் வேலை விசாவோடு வருகிற எச்4 விசாவில் அமெரிக்காவின் ஒஹாயோ வந்து இறங்கினேன். இங்கே பிசியோவாக வேலை செய்ய என்ன வழி என்று விசாரித்தால் ஆளுக்கு ஒரு பதில். மறுபடி முதலிலிருந்து மூன்று வருடம் டிபிடி (பிசியோதெரபி டாக்டர் பட்டம்) படி என்றார்கள் சிலர், இருக்கிற டிகிரியை மதிப்பீட்டுக்கு அனுப்பினால் போதும் என்றார்கள் சிலர். எச்4-இல் எனக்கு வேலை அனுமதி இல்லை, படிக்கத் தடையில்லை. சரி, வீட்டில் சும்மா இருக்கிற காலத்தில் படித்தே விடுவோம் என்று முதல் வழியைப் பிடித்தேன். பாதி பிடிவாதம்தான்.

பெரும்பாலான கல்லூரிகளுக்கு விண்ணப்பம் பி.டி.காஸ் என்ற ஒரே தளம் வழியாகத்தான் போகிறது. தளம் ஜூன் மாதம் திறக்கும். ஒரு தடவை நிரப்பிவிட்டு வேண்டிய கல்லூரிகளுக்கெல்லாம் அனுப்பலாம், ஒவ்வொன்றுக்கும் தனிக் காசு. கேட்கிற முன்பாடங்கள் மட்டும் கல்லூரிக்குக் கல்லூரி மாறும். அனாடமி, பிசியாலஜி எல்லாம் என்னிடம் தாராளமாக இருந்தது, லேபோடு சேர்ந்த கெமிஸ்ட்ரி இல்லை. அதனால் 29 வயதில் கம்யூனிட்டி காலேஜ் மாலை வகுப்பில் 19 வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்தேன். பிளஸ் டூவில் செய்த அதே டைட்ரேஷன், குடுவையில் அதே இளஞ்சிவப்பு.

அப்புறம் அப்சர்வேஷன் மணிகள், அதாவது தெரபிஸ்ட் வேலை செய்வதைக் கூட நின்று பார்க்கிற நேரம். நான் குறிவைத்த கல்லூரிகளில் அதிகம் கேட்டது 60. மருத்துவமனைக்குள் நுழையும் முன் டி.பி. பரிசோதனை செய்து வரச் சொன்னார்கள். கையில் ஊசி போட்டு, இரண்டு நாள் கழித்துப் போனால் நர்ஸ் ஸ்கேல் வைத்து அளக்கிறார், நன்றாகத் தடித்திருக்கிறது. எனக்குப் பகீரென்றது. வேறொன்றுமில்லை, நம் ஊரில் பிறந்ததும் போடுகிற பி.சி.ஜி. தடுப்பூசியால் தோல் பரிசோதனை கிருமி இருப்பதுபோல இப்படிப் பொய்யாகக் காட்டலாம். ரத்தப் பரிசோதனையில் அந்தக் குழப்பம் வராது. தோளில் பி.சி.ஜி. தழும்பு இருக்கிறவர்கள் முதலிலேயே ரத்தப் பரிசோதனையாகக் கேளுங்கள், எனக்கு இதில் மூன்று வாரம் போனது.

பார்வையாளர் நோயாளியைத் தொடக் கூடாது. மூட்டு மாற்று அறுவை முடிந்த ஒரு தாத்தா, எழுபதைத் தாண்டியவர். தெரபிஸ்ட் கோனியோமீட்டர் என்ற கோணமானி வைத்து முழங்கால் மடங்குவதை அளக்கிறார், 84 டிகிரி. எனக்குக் கை துறுதுறுக்கிறது, குதிகாலை இன்னும் கொஞ்சம் இழுக்கச் சொன்னால் 90 வருமே என்று. அவரோ கோனியோமீட்டரைக் கீழே வைத்துவிட்டு, உங்கள் வீட்டுப் படிக்கட்டில் கைப்பிடி எந்தப் பக்கம் என்று கேட்டார். துணி துவைக்கிற மெஷின் பேஸ்மென்ட்டில் இருக்கிறதாம், இறங்கும்போது கைப்பிடி இடது பக்கம் மட்டும்தானாம், ஆபரேஷன் ஆனதும் இடது கால். மீதி நேரம் முழுக்க அந்தப் படிக்கட்டுக்கான பயிற்சிதான். கோவையில் மூன்று வருடமும் "நல்லா மடக்குங்க சார்" என்று சொல்லிப் பத்து எண்ணியவள் நான். கைப்பிடி எந்தப் பக்கம் என்று ஒருத்தரிடம்கூடக் கேட்டதில்லை.

விண்ணப்பக் கட்டுரையில் "சிறு வயதிலிருந்தே சேவை மனப்பான்மை" என்று எழுதி வைத்திருந்ததை அன்று இரவே தூக்கிப் போட்டுவிட்டு இதை எழுதினேன். ஆறு கல்லூரிக்குப் போட்டேன். இரண்டில் நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள், ஒன்றில் இடம் கிடைத்தது. நேர்காணலிலும் அந்தப் படிக்கட்டைப் பற்றித்தான் கேட்டார்கள்.

* * *

அக்கா, உங்கள் கதையைப் படித்துவிட்டு என் கதையையும் எழுதுகிறேன். நான் நியூ ஜெர்சியிலேயே வளர்ந்தவன், தமிழில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். முதல் வருடம் எனக்கு எல்லா இடத்திலும் நோ. பிசிக்ஸில் சி வாங்கி, திரும்ப எடுத்து ஏ வாங்கியிருந்தேன். என் காலேஜ் பழைய மார்க்கைக் கணக்கில் சேர்க்காது, பி.டி.காஸ் இரண்டையும் சேர்த்துதான் ஜி.பி.ஏ. (சராசரி மார்க்) போடும். அது தெரியாமல் ஒரு மனக்கணக்கு வைத்திருந்தேன். அதைவிடப் பெரிய தப்பு, அக்டோபர் கடைசியில் அனுப்பியது. நிறையக் கல்லூரிகள் விண்ணப்பங்களை வரவரப் பார்த்து இடத்தைக் கொடுத்துக்கொண்டே போவார்கள், கடைசித் தேதி வரை காத்திருந்தால் மிச்சம்தான் கிடைக்கும்.

நடுவில் ஒரு வருடம் ஒரு பிசியோ கிளினிக்கில் எய்டாக (உதவியாளாக) இருந்தேன். துண்டு மடிப்பது, படுக்கை துடைப்பது, ஹாட் பேக் எடுத்துக் கொடுப்பது. "துண்டு மடிக்கவாடா நாலு வருஷம் படிச்சே?" என்று அம்மா தினமும் கேட்பார். அந்தக் கிளினிக் தெரபிஸ்ட்தான் எனக்குப் பரிந்துரைக் கடிதம் கொடுத்தார். அடுத்த தடவை ஜூலையிலேயே அனுப்பினேன், அதே மார்க்தான், மூன்று இடத்தில் கூப்பிட்டார்கள்.

* * *

இங்கே மூன்றாவது ஆள் நான், உங்கள் இருவரையும் போல இல்லாமல் இன்னொரு வழியில் போய் இடறி விழுந்தவன். பெயரில் டிபிடி என்று இருக்கிறதே என்று ஊரில் ஒரு கன்சல்டன்ட் பேச்சை நம்பி போஸ்ட் ப்ரொஃபஷனல் டிபிடியில் சேர்ந்து பணம் கட்டினேன். அது ஏற்கெனவே தெரபிஸ்டாக இருப்பவர்களுக்கான மேற்படிப்பு. அதை முடித்ததால் மட்டும் இங்கே லைசென்ஸ் வராது. கேப்டி என்ற பிசியோ கல்வி அங்கீகார அமைப்பு ஒப்புக்கொண்ட முதல்நிலை டிபிடியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் நம் பி.பி.டி.யை மதிப்பிட்டு, குறைகிற பாடங்களை முடித்துவிட்டு, என்.பி.டி.இ. என்ற லைசென்ஸ் தேர்வு எழுத வேண்டும். மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும் என்பதால் அந்தந்த மாநில லைசென்ஸ் போர்டிடமே கேளுங்கள். கன்சல்டன்டிடம் கேட்காதீர்கள். கடைசியில் நான் மதிப்பீட்டு வழியில்தான் லைசென்ஸ் வாங்கினேன், இரண்டு வருடம் தாமதமாக.

* * *

முதலில் நான் எழுதிய டி.பி. ரத்தப் பரிசோதனையின் பெயர் என்ன என்று தனிச் செய்தியில் இரண்டு பேர் கேட்டீர்கள். குவாண்டிஃபெரான் என்று சொல்லுங்கள், புரிந்துகொள்வார்கள்.

தம்பி, துண்டு விஷயத்தை அம்மாவிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம் நீ. எனக்கு ஆகஸ்டில் வகுப்பு, முதல் செமஸ்டரே அனாடமி. பழைய புத்தகத்தை அம்மா ஊரிலிருந்து பார்சலில் அனுப்பியிருக்கிறார், கூடவே எலுமிச்சை ஊறுகாய். மூடி சரியாக இல்லை போல, புத்தகத்தில் முழங்கால் பாடம் இருக்கிற பக்கம் முழுக்க எண்ணெய்.