கையால் கோப்பு ஏற்றும் பழக்கத்தை எப்படி மாற்றுவது?

இரவுப்பணி:
கடைகளுக்குப் பில் போடும் மென்பொருள் செய்யும் எங்கள் குழுவில் புதுப் பதிப்பு வெளியிடும்போதெல்லாம் 6 சர்வர்களிலும் கோப்புகளைக் கையால்தான் ஏற்றுகிறார்கள். போன மாதம் ஒரு சர்வர் விடுபட்டது. கடைக்காரர்கள் சிலருக்கு மட்டும் பழைய வரி விகிதத்தில் பில் வந்தது. இந்த வேலையைத் தானாகச் செய்யும் சிறு நிரல், அதாவது ஸ்கிரிப்ட், எழுதித் தருகிறேன் என்றேன். "இத்தனை நாள் ஓடவில்லையா?" என்கிறார் மேலாளர். அமெரிக்காவின் பங்கு வர்த்தக நிறுவனமான நைட் கேப்பிட்டலின் கதையையும் சொல்லிப் பார்த்தேன். 2012 ஆகஸ்ட் 1 அன்று அவர்களும் 8 சர்வர்களில் ஒன்றில் புது நிரலை ஏற்ற மறந்திருந்தார்கள். பல ஆண்டுகளாகச் சும்மா கிடந்த பழைய நிரல் அதில் விழித்துக்கொண்டு, முக்கால் மணி நேரத்தில் 44 கோடி டாலருக்கும் மேல் நஷ்டம். மேலாளர் அசையவில்லை.

பழையகை:
எப்படி அசைவார்? நியூயார்க் பங்குச்சந்தை எங்கே, பில் போடும் மென்பொருள் எங்கே? நானும் எதிர்த்தவன்தான், காரணத்தோடு. புதிதாக வந்த ஒருவர் எழுதிய ஸ்கிரிப்ட் நள்ளிரவில் பாதியில் நின்றது. அவர் வேறு வேலைக்குப் போயிருந்தார். விடியும்வரை உட்கார்ந்து சரிசெய்தவன் நான். மறுநாள் திட்டு வாங்கியவனும் நான்.

இரவுப்பணி:
உங்கள் கோபம் நியாயம். ஆனால் அங்கே கெடுத்தது ஸ்கிரிப்ட் அல்ல, அது ஒருவர் தலைக்குள் மட்டும் இருந்ததுதான். கையால் செய்வதிலும் அதே ஆபத்து உண்டு. நைட் கேப்பிட்டலில் ஏற்றியதை இன்னொருவர் சரிபார்க்கவேண்டும் என்று எழுதிவைத்த விதியே இல்லை. அன்று சந்தை திறப்பதற்கு முன்பே அவர்களுடைய கணினி பிழையைச் சுட்டி 97 மின்னஞ்சல்கள் அனுப்பியது. ஒருவரும் கவனிக்கவில்லை.

பழையகை:
அப்படியானால் சரிபார்க்க இரண்டாவது ஆள் வேண்டும் என்று முதலில் மேலாளரிடம் கேளுங்கள். அதற்குச் செலவில்லை, யாருடைய வேலையும் பறிபோகாது. ஸ்கிரிப்ட் பிறகு வரட்டும்.

சோதனைக்குழு:
நான் செய்ததைச் சொல்கிறேன். மூத்தவர் ஒருவர் பக்கத்தில் 2 வெளியீடுகளுக்கு உட்கார்ந்து, அவர் தட்டும் ஒவ்வொரு கட்டளையையும் எழுதினேன். மொத்தம் 23. நடுவில் ஒரு சேவையை நிறுத்திவிட்டு 10 விநாடி காத்திருந்தார். அந்தக் காத்திருப்பு எந்த ஆவணத்திலும் இல்லை. தாளைக் காட்டியதும் அவரே 2 படிகளைத் திருத்தினார். மூன்றாவது வாரம், "இதை நீயே நிரலாக்கிவிடேன்" என்றார்.

இரவுப்பணி:
மேலாளரிடம் கேட்பதையும் நிறுத்தமாட்டேன். பில் தவறினால் அபராதம் கட்டுவது கடைக்காரர். ஆனால் இந்த வெள்ளிக்கிழமை எங்கள் குழுவில் கோப்பு ஏற்றுபவர் பக்கத்தில் உட்காருகிறேன்.

பழையகை:
மடிக்கணினி வேண்டாம். நோட்டும் பேனாவும் கொண்டுபோங்கள்.