குடும்பக் குழு: படகின் நீலம்

சனி, காலை 8.10
நான்: [படம்] இதுதான் வாங்கிய பாய்ப்படகு. 22 அடி, 1978இல் செய்தது. ஒன்ராறியோ ஏரிக்கரையில் தாங்கிகளின் மேல் நிற்கிறது. மே மாதம் தண்ணீரில் இறக்கவேண்டும்.

அக்கா: நீலப் படகு என்றாயே? பழைய பள்ளிக்கூடச் சுவர் மாதிரி வெளிறிக் கிடக்கிறது.

நான்: நீலம்தான் அக்கா. கையால் தடவினால் உள்ளங்கையில் சுண்ணாம்புப் பொடிபோல ஒட்டுகிறது. விற்றவர் மினுக்கத்துக்கு ஏதோ திரவத்தைப் பூசித் தலையில் கட்டிவிட்டார். அது இப்போது பாம்புச் சட்டைபோல உரிகிறது.

மாமி: அரை வருடம் பனிக்குள் மூடிக்கிடக்கப்போகிற சாமானுக்கு இவ்வளவு காசா?

பெரியப்பா: தண்ணீர் தெளித்துப் பார்த்தாயா தம்பி?

நான்: பார்த்தேன் பெரியப்பா. நனைந்தவுடன் நல்ல கருநீலம். காய்ந்ததும் பழைய கதை.

பெரியப்பா: அப்படியென்றால் பிழைக்கும். மேல்தோல்தான் வெயிலில் வெந்திருக்கிறது. ஊரில், வல்வெட்டித்துறையில், எங்கள் பைபர் படகுகளும் இப்படித்தான் போகும்.

மச்சான்: பேசாமல் பெயின்ற் அடித்துவிடு. உருளையால் பூசி, காயமுன் தூரிகை நுனியால் இழுத்துவிட்டால் கண்ணாடிதான்.

பெரியப்பா: அது கடைசி வழி. பெயின்ற் அடித்தால் பிறகு ஒவ்வொரு கீறலுக்கும் பெயின்ற்தான். தம்பி, கவனமாகக் கேள். ஜெல் கோட் என்கிற அந்த நிற மேல்தோல் ஏறக்குறைய அரை மில்லிமீற்றர்தான். தேய்த்தது திரும்ப வளராது. முதலில் அந்த உரிகிற பூச்சை முழுதும் எடு. பிறகு அசிட்டோனால் துடை, ஒரு துணியால் பூசி மறு துணியால் எடு. பழைய மெழுகின் மேல் உப்புத்தாள் போட்டால் தாள் அடைபடும், வேலை நடக்காது. நீர்மட்டத்து மஞ்சள் கறைக்கு ஒக்சாலிக் அமிலம் போதும், கையுறை போடு.

பெரியப்பா: பிறகு இரண்டு சாண் இடத்தில் கம்பவுண்டை, அதுதான் தேய்த்து மினுக்குகிற பசையை, மட்டும் போட்டுப் பார். மினுக்கம் வந்தால் உப்புத்தாளைத் தொடாதே. வராவிட்டால் மட்டும் 1000ஆம் எண் உப்புத்தாள், தண்ணீரோடு. அதற்கும் மசியாவிட்டால் அதைவிடக் கரடான 800இல் தொடங்கி 1000, 1500 என்று ஏறு. பென்சிலால் குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டுக்கொள். கோடு மறைந்ததும் கையை எடு. விளிம்புகளில் அழுத்தாதே.

மாமி: மூக்கையும் வாயையும் மூடு. அந்தத் தூசி நெஞ்சுக்கு ஆகாது.

சனி, மாலை 6.40
நான்: கம்பவுண்டுக்கு மசியவில்லை. 1000 போட்டேன். வாளித் தண்ணீர் சொட்டு நீலம் கரைத்ததுபோல் ஆகிவிட்டது. தோள் கழன்றுவிடும் போலிருக்கிறது, முடிந்தது நாலு அடி.

மச்சான்: மினுக்குகிற இயந்திரம் வாடகைக்கு எடுக்கவில்லையா?

நான்: எடுத்தேன். வெயில் பக்கத்தில் போட்டதும் கம்பவுண்ட் அப்பளமாகக் காய்ந்துவிட்டது. நாளைக்கு நிழல் இருக்கும் பக்கம்.

பெரியப்பா: இயந்திரத்தை ஒரே இடத்தில் வைத்திருக்காதே, சூட்டில் கருகும். மேல்தளத்தின் சொரசொரப்புக்கு மெழுகு வேண்டாம், நனைந்தால் வழுக்கும்.

ஞாயிறு, பகல் 1.15
நான்: [படம்] பின்பக்கத்துப் பழைய ஸ்ரிக்கர் எழுத்துகளை உரித்தேன். எழுத்துக்கு அடியில் வெயில் படாததால் புது நீலம் அப்படியே இருக்கிறது. 'மார்கரெட்' என்று தெளிவாக வாசிக்கலாம்.

அக்கா: யாரோ ஒருவரின் மனைவி பெயரோடு படகோட்டப்போகிறாயா? உன் மனைவிக்குத் தெரியுமா?

நான்: தேய்த்து அழிக்கலாம் என்று பார்க்கிறேன்.

பெரியப்பா: அழிக்கப்போய் ஜெல் கோட்டை ஓட்டையாக்காதே. சுற்றியுள்ள இடம் மினுங்கத் தொடங்கினால் பாதி மறையும். மீதியைப் புதுப் பெயர் மறைக்கட்டும்.

மாமி: என்ன பெயர்?

பெரியப்பா: அன்னபூரணி. 1930இல் வல்வெட்டித்துறையில் கட்டிய பாய்க்கப்பல். ஒரு அமெரிக்கர் வாங்க, எங்கள் ஊர் ஆட்கள் பாய்விரித்து 1938இல் மாசச்சூசெட்ஸ் குளோஸ்டர் துறைமுகத்தில் கொண்டுபோய் விட்டார்கள். அவர் அதற்கு ஃபுளோரன்ஸ் என்று பெயர் மாற்றினார்.

மச்சான்: அன்னபூரணியை அவர்கள் ஃபுளோரன்ஸ் ஆக்கினார்கள். மார்கரெட்டை நீ அன்னபூரணி ஆக்கு. கணக்குச் சரி.

நான்: மெழுகு இரண்டு பூச்சு முடிந்ததும் ஸ்ரிக்கர் வெட்டக் கொடுக்கிறேன்.

மாமி: வெட்டுகிறவனுக்குத் தமிழ் தெரியாது. நடுவில் இரண்டு சுழி, கடைசியில் மூன்று சுழி. நீயே எழுதிக்கொடு. முதலில் இங்கே போடு, நான் பார்க்கிறேன்.